12 அங்குல மேடுபள்ள குளோப்: உருண்டை சரி, மலை பொய், கடல் காலி

எட்டாவது படிக்கும் மகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், ஆனால் பாதிக்கு மேல் என்னுடைய ஆசை. 12 அங்குல விட்டம், உள்ளே எல்இடி விளக்கு, மலை இருக்கும் இடமெல்லாம் கையில் தட்டுப்படும்படி புடைப்பு. விளக்கை அணைத்தால் நாடுகளின் படம் தெரியும், போட்டால் இயற்கை அமைப்பு தெரியும். விலை ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கம்பெனி பெயர் போடவில்லை. இதே உருண்டை வேறு வேறு பெட்டிகளில் வேறு வேறு பெயர்களில் ஆன்லைனில் கிடைக்கிறது, அச்சுப் பிழை உட்பட எல்லாம் ஒன்றுதான், அதனால் பெயரைச் சொல்லி ஒரு பயனும் இல்லை.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருண்டையும் சாய்வும் சரியாக இருக்கின்றன. கூடுதல் காசு வாங்கும் அந்தப் புடைப்புதான் இதிலேயே நம்ப முடியாத பகுதி. அதைவிடப் பெரிய குறை, பூமியின் முகத்தில் முக்கால்வாசியை, அதாவது கடலை, வெறும் நீலப் பெயின்ட் அடித்து விட்டுவிட்டார்கள்.

முதலில் மலை. பெட்டியில் 'உண்மையான நிலப்பரப்பைத் தொட்டு உணருங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறது. சரி, தொட்டு உணர்ந்து பார்ப்போம். பூமியின் விட்டம் நிலநடுக்கோட்டில் 12,756 கி.மீ. அதை 30.5 செ.மீ.க்குள் அடைத்தால் ஒரு செ.மீ. என்பது ஏறத்தாழ 418 கி.மீ., ஒரு மி.மீ. என்பது 42 கி.மீ. எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர் (2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த கணக்கு). அப்படியென்றால் இந்த உருண்டையில் எவரெஸ்ட் 0.2 மி.மீ. இருக்க வேண்டும். சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் திபெத் பீடபூமி 0.1 மி.மீ. நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதற்கு 0.06 மி.மீ. விரலால் தடவினால் ஒன்றுமே தெரியக்கூடாது, கண்ணாடி வழவழப்பாக இருக்க வேண்டும். இதிலோ இமயமலை கிட்டத்தட்ட 3 மி.மீ. புடைத்துக்கொண்டு நிற்கிறது, ஆசியா முழுவதும் தடவிப் பார்த்தால் பலாப்பழத் தோல் மாதிரி இருக்கிறது. குளோப்பின் கணக்குப்படி எவரெஸ்ட் 120 கி.மீ. உயரம். விண்வெளி 100 கி.மீ.யில் தொடங்குவதாக வைத்துக்கொள்கிறார்கள் இல்லையா, அப்போ உச்சிக்குப் போகும் ஷெர்பா விண்வெளி வீரர்தான்.

மிகைப்படுத்துவதில் தப்பில்லை, மிகைப்படுத்தாவிட்டால் எதுவுமே தெரியாது, இது எல்லா மேடுபள்ள வரைபடத்திலும் நடப்பதுதான். நல்ல வரைபடத்தில் எத்தனை மடங்கு உயர்த்தியிருக்கிறோம் என்று ஒரு ஓரத்தில் எழுதியிருப்பார்கள். இதில் இல்லை. எழுதவும் முடியாது, ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒரே மடங்கு இல்லை. இமயமலைக்குப் பதினான்கு மடங்கு கொடுத்தவர்கள் ஆண்டீஸுக்கு அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே சீராக, நடுவில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒன்று இருப்பதே தெரியாமல், ஒரு கோடு. அந்தக் கணவாயின் அகலம் 30, 40 கி.மீ.தான், இந்த அளவில் ஒரு மி.மீ.கூட வராது, அதனால் அதை மன்னிக்கலாம். அண்டார்டிகாவை மன்னிக்க முடியாது. சராசரி உயரம் என்று பார்த்தால் எல்லாக் கண்டங்களிலும் உயர்ந்தது அதுதான், பனிப்பாளத்தோடு சேர்த்து 2 கி.மீ.க்கும் மேல். இந்த குளோப்பில் அது தட்டையான வெள்ளைத் தட்டு. போதாக்குறைக்கு தென்துருவத்தின் மேலேயே ஸ்டாண்டின் திருகு உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. புடைப்பும் அச்சும் ஒட்டவில்லை. என்னுடையதில் பழுப்பு நிறத்தில் அச்சடித்த இமயமலை ஓரிடத்தில், கையில் தட்டுப்படும் இமயமலை அதற்கு இரண்டு மூன்று மி.மீ. தெற்கே. அதாவது நூறு கி.மீ. தள்ளி, லக்னோ பக்கத்துச் சமவெளியில் மலை எழும்பியிருக்கிறது. விற்பவரிடம் படம் எடுத்து அனுப்பினேன், மாற்றிக் கொடுக்கவும் செய்தார்கள், வந்த இரண்டாவது உருண்டையிலும் அதே கதை, கொஞ்சம் குறைவாக. பிளாஸ்டிக் தாளில் முதலில் அச்சடித்துவிட்டுப் பிறகு சூடாக்கி அச்சில் அழுத்தி அரைக்கோளமாக்கும் முறையில் இப்படி நகர்வது சகஜம் என்று நினைக்கிறேன். புடைப்பு இல்லாத சாதா குளோப்பில் இந்தத் தலைவலியே கிடையாது.

இனி நல்லதைச் சொல்கிறேன். உருண்டை உருண்டையாக இருக்கிறது. சிரிக்காதீர்கள், பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் தட்டையானது என்று பள்ளியில் படித்துவிட்டு, குளோப் ஏன் முழு உருண்டையாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு, என் மகளும் கேட்டாள். துருவத்திலிருந்து துருவம் வரை விட்டம் 12,714 கி.மீ., நிலநடுக்கோட்டு விட்டத்தைவிட 43 கி.மீ. குறைவு. இந்த குளோப்பில் அது 1 மி.மீ. 305 மி.மீ.யில் ஒரு மி.மீ. அதைச் செய்து காட்டினாலும் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. பாடப்புத்தகங்களில் பூமியைப் பூசணி அளவுக்கு நசுக்கி வரைந்துவிடுகிறார்கள், அதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த ஒரு மி.மீ.யைக் கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாடு தனிக் கதை. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் பரங்கிமலையில் தொடங்குகிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அங்கே சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு, மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையாக, ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போனதுதான் பிறகு இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீடாக வளர்ந்து இமயமலை வரை போனது. நிலவரி வசூலுக்கும் ராணுவத்துக்கும் வரைபடம் வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் கணக்கு. லாம்டனின் சொந்த ஆசை வேறு: ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் தெற்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று அளந்து பூமியின் வடிவத்தைச் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டருகே ஒரு டிகிரி 110.6 கி.மீ., துருவத்தருகே 111.7 கி.மீ. ஒரு கி.மீ. வித்தியாசத்துக்காக அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைக் கோபுர உச்சிகளுக்கெல்லாம் ஏற்றினார்கள், 1808-இல் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அடிபட்டது அந்தக் கருவிதான்.

நடுவில் புடைத்திருப்பதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் உச்சி எவரெஸ்ட் இல்லை, ஈக்வடாரில் நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கும் சிம்போராசோ. உயரம் 6,263 மீட்டர்தான், ஆனால் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்டைவிட 2 கி.மீ. வெளியே நிற்கிறது. குளோப்பில் சிம்போராசோ பெயர் இல்லை, ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ இருக்கிறது, அதற்குக் கீழே விரல் வைத்தால் போதும்.

சாய்வு. பாகைமானி வைத்துப் பார்த்தேன், 23 டிகிரிக்குப் பக்கத்தில் சரியாக இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம், மலிவு குளோப் சிலவற்றில் ஸ்டாண்டு தளர்ந்து சாய்வு இஷ்டத்துக்கு மாறிவிடும், அப்புறம் அதை வைத்துப் பருவகாலம் சொல்லிக்கொடுக்கவே முடியாது. இதில் உலோக வளையம், உறுதியாக இருக்கிறது, அட்சரேகை எண்களும் வளையத்தில் பொறித்திருக்கின்றன. ஆனால் ஒரு விஷயம்: உள்ளே இருக்கும் விளக்கை வைத்து இரவு பகல் காட்ட முடியாது, கடைக்காரர் விளக்கத்தில் அப்படி எழுதியிருந்தாலும். அதை அணைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, நடுவில் ஒரு மேசை விளக்கை வைத்துக்கொண்டு, குளோப்பைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி வர வேண்டும். குளோப்பின் சாய்ந்த அச்சு எப்போதும் அறையின் ஒரே சுவரைப் பார்க்கட்டும், விளக்கைப் பார்த்துத் திருப்பினால் எல்லாம் கெட்டுவிடும்.

இப்படிச் சுற்றும்போது ஜூன் மாத இடத்தில் வெளிச்சம் நேராகக் கடக ரேகையில் விழும். அது குஜராத், மத்தியப் பிரதேசம் வழியாகப் போகிறது, நம்மைத் தாண்டி வெகுதூரம் வடக்கே. அங்கே போகும் வழியில் சூரியன் ஒருமுறை நம் தலைக்கு மேலே வரும், திரும்பும்போது இன்னொருமுறை. சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகலில் கம்பத்துக்கு நிழலே விழாத நாள் வருவது இதனால்தான். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடும். டெல்லிக்கு வரவே வராது. குளோப்பில் ஒரு சின்னக் குச்சியைச் சென்னைமேல் ஒட்டிவைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. அப்புறம், கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்று வீட்டில் யாராவது பெரியவர்கள் சொன்னால் அதையும் அன்றைக்கே தீர்த்துக்கொள்ளலாம்: பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ., தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், 15.2 கோடி கி.மீ.

கடலுக்கு வருவோம், எனக்கு இதில்தான் கோபம்.

குளோப்பை வாங்கியதும் பசிபிக் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம் ஆஸ்திரேலியா, கொஞ்சம் அமெரிக்கா, மற்றதெல்லாம் நீலம். உலகத்து நிலம் எல்லாவற்றையும், சுமார் 14.9 கோடி சதுர கி.மீ., பசிபிக் ஒன்றுக்குள்ளேயே போட்டு மூடலாம், அதற்கப்புறமும் இடம் மிச்சம் இருக்கும். தட்டையான சுவர் வரைபடத்தில் இது உறைக்கவே உறைக்காது, ஏனென்றால் அதில் பசிபிக்கைப் பெரும்பாலும் நடுவில் வெட்டி இரண்டு ஓரத்திலும் தொங்கவிட்டிருப்பார்கள். குளோப் வாங்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் விளக்கைப் போட்டு இயற்கை அமைப்பு என்று வரும்போது அந்த 71 சதவீதப் பரப்பில் என்ன தெரிகிறது? நீரோட்டங்களுக்குச் சிவப்பு அம்பு, நீல அம்பு, நடுவே ஒரு திமிங்கலப் படம். அவ்வளவுதான். பூமியின் மிக நீளமான மலைத்தொடர் கடலுக்கு அடியில் இருக்கிறது. சுமார் 65,000 கி.மீ. நீளம், அட்லாண்டிக்கின் நடுவில் ஓடி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, இந்தியப் பெருங்கடலில் தலைகீழ் 'ஒய்' போலப் பிரிந்து, பசிபிக்குக்குள் போகிறது. ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில்தான் தண்ணீருக்கு வெளியே தலை தெரியும். அதன் உச்சியில்தான் புதுக் கடல்தரை உருவாகிறது, கண்டங்கள் நகர்வது அங்கிருந்துதான் தெரியவருகிறது. இமயமலைக்கு 3 மி.மீ. கொடுத்தவர்கள் இதற்கு ஒரு கோடுகூடப் போடவில்லை.

இத்தனைக்கும் இது புதுச் செய்தி இல்லை. 1950-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமோன்ட் ஆய்வகத்தில் மேரி தார்ப் என்பவர், கப்பல்கள் எதிரொலி வைத்து எடுத்துவந்த ஆழக் கணக்குகளை எண் எண்ணாக வரைபடத்தில் ஏற்றினார். அந்தக் காலத்தில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றமாட்டார்கள், எண்களை மற்றவர்கள் கொண்டுவருவார்கள், இவர் மேசையில் உட்கார்ந்து வரைவார். அட்லாண்டிக் நடு மலைத்தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது என்று அவர் காட்டியபோது கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன் அதைப் பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார், பிறகு நிலநடுக்கம் நடந்த இடங்களின் வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தின. இருவரும் சேர்ந்து தயாரித்து ஓவியர் ஹைன்ரிக் பெரான் தீட்டிய உலகக் கடல்தரைப் படம் 1977-இல் வந்தது. அதற்கப்புறம் அச்சடிக்கும் குளோப்பில் கடலை வெறுமையாக விடுவது சோம்பேறித்தனம், வேறென்ன.

நம் பக்கத்துக் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்காள விரிகுடாவிலிருந்து தெற்கே, 90 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக 5,000 கி.மீ. நீளத்துக்கு ஒரு கடலடி மலைத்தொடர் இருக்கிறது. இந்தியா வடக்கே விரைந்து வந்த பாதையின் தடயம் அது. அந்தப் பயணம் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதி, இன்னும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வேகத்தில் தொடர்கிறது. குளோப்பில் இமயமலை என்ற விளைவு மட்டும் இருக்கிறது, வந்த வழி இல்லை. அதேபோல அந்தமானுக்கும் சுமத்ராவுக்கும் மேற்கே ஓடும் சுந்தா அகழி என்ற ஆழமான கடலடிப் பள்ளம். 2004 டிசம்பர் 26 அன்று அதை ஒட்டி சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் புவித்தட்டு நழுவியது, ரிக்டர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் கணக்கில் 9.1. இந்த உருண்டையில் அந்தப் பிளவு 3 செ.மீ. நீளம், நாகப்பட்டினத்திலிருந்து அங்கே இன்னும் மூன்று நான்கு செ.மீ. நடுவில் தடுக்க எதுவும் இல்லை என்பதும், அலை ஏன் நேராக நம் கரைக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் வந்தது என்பதும் குளோப்பில் விரல் வைத்தாலே தெரிகிறது. அகழியை ஒரு கருநீலக் கோடாகவாவது போட்டிருந்தால் ஏன் கிளம்பியது என்பதும் தெரிந்திருக்கும்.

கண்டத்திட்டை, அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடியை மட்டும் வெளிர் நீலத்தில் காட்டியிருக்கிறார்கள், அதுவரை சந்தோஷம். பாக் நீரிணை, மன்னார் வளைகுடாவின் மேல்பகுதி எல்லாம் வெளிர் நீலம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உறைபனிக் காலத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் போலக் கீழே இருந்தது, ராமேசுவரத்திலிருந்து மன்னாருக்கு அப்போது நடந்தே போயிருக்கலாம். வெளிர் நீலத்தையெல்லாம் நிலம் என்று நினைத்துக்கொண்டு உருண்டையைச் சுற்றினால் ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் ஒட்டிக்கொள்ளும், இங்கிலாந்து ஐரோப்பாவோடு சேரும், அலாஸ்காவும் சைபீரியாவும் கைகோக்கும். நல்ல விளையாட்டு இது.

(எந்த குளோப்பிலும் காட்ட முடியாத ஒன்று: இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால், கணக்குப்படி இருக்க வேண்டிய மட்டத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே கடல்மட்டம் இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அதுதான். கப்பலில் போகிறவருக்குத் தெரியாது.)

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. இயற்கை அமைப்புப் படத்தில் பச்சை என்றால் காடு இல்லை, தாழ்ந்த நிலம். அதனால் எகிப்துப் பாலைவனத்தில் பாதி பச்சை, தார் பாலைவனம் பச்சை, மஞ்சளும் பழுப்பும் உயரம். இந்த விளக்கம் எங்கோ தென் அட்லாண்டிக் ஓரத்தில் குட்டி எழுத்தில் இருக்கிறது. சொல்லிக்கொடுக்காவிட்டால் பிள்ளைகள் சகாராவில் புல் வளர்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

படமும் பழசு. 2011-இல் பிறந்த தெற்கு சூடான் இருக்கிறது, ஆனால் மத்திய ஆசியாவில் ஏரல் கடல் என்ற ஏரி இன்னும் 1960-இல் இருந்த மாதிரி முழு வட்டமாக நீலத்தில் இருக்கிறது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதில் அது வற்றி, துண்டு துண்டாகி, பெரும்பகுதி உப்பு மணலாகிவிட்டது. நாட்டுப் பெயரைத் திருத்தியவர்கள் ஒரு ஏரியைத் திருத்தவில்லை.

கட்டமைப்பில் பெரிய புகார் இல்லை. ஓடு 1 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல் தடிமன், தற்செயலாகக் கண்டத்தின் மேலோட்டுத் தடிமனுக்குப் பக்கத்தில் வருகிறது (சராசரி 35 கி.மீ., அதாவது 0.8 மி.மீ.; கடலடியில் 7 கி.மீ.தான்). ரஷ்யாவின் கோலாவில் 12,262 மீட்டர் தோண்டிய துளை இந்த பிளாஸ்டிக்கில் 0.3 மி.மீ. ஆழம், ஓட்டின் தடிமனைக்கூடத் தாண்டவில்லை. விளக்கு வயர் மட்டும் குட்டையாக இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டும். புடைப்புகளுக்கு நடுவே தூசி சேர்ந்தால் துடைப்பது சிரமம். எழுத்தெல்லாம் ஆங்கிலம். தமிழ்நாடு மொத்தமே ஒன்றரை செ.மீ. என்பதால் சென்னையும் மதுரையும் மட்டும் போட்டிருக்கிறார்கள், இலங்கை ஒரு செ.மீ., அதில் கொழும்பு.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், இரண்டரைதான் கொடுக்க நினைத்தேன், சாய்வும் ஸ்டாண்டும் அரையைக் கூட்டின. இதே காசுக்குப் புடைப்பு இல்லாத, ஆனால் கடல்தரை நிழலிட்டு அச்சடித்த குளோப் கிடைத்தால் அதையே வாங்குங்கள், தேடினால் கிடைக்கிறது. சின்னக் குழந்தைக்கு என்றால் எட்டு அங்குலச் சாதா உருண்டையே போதும். கடைக்குப் போய் வாங்குபவர்கள் நிலநடுக்கோட்டில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள், போர்னியோவும் ஆப்பிரிக்காவும் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சரியாகச் சேர்கின்றனவா என்று. அப்புறம் ஏரல் கடலைத் தேடுங்கள், அச்சு எந்தக் காலத்தது என்று அது சொல்லிவிடும். வாங்கிவிட்டால் 8 செ.மீ. விட்டத்தில் ஒரு பந்தும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த குளோப்புக்கு நிலா அந்த அளவு. அதை 9 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவ்வளவு நீளம் இல்லை, மொட்டை மாடிக்குப் போனோம்.